புஷ்பவல்லி பூசிய களிம்பு

பெண் பார்க்க வந்த அன்று தம்புசாமி புஷ்பவல்லியை ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தான். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அப்பா பக்கிரிசாமி சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறாரோ என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காப்பியைக் குடித்து முடித்தான். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான்.

"பொண்ணுக்கு மூஞ்சிதான் கொஞ்சம் கரடுமுரடா இருக்கு. பரவால்ல மாமா, வேலைக்குப் போவுதுல்ல" என்றான்.

பக்கிரிசாமி ஏதோ பாராட்டைக் கேட்டவர்போலச் சிரித்தார். அதற்குள் உள்ளே போய் நின்றிருந்த புஷ்பவல்லிக்கு அந்தச் சிரிப்புதான் அதிகம் வலித்தது.

பதினான்கு வயதில் அவள் முகத்தில் வந்த பரு இருபத்து மூன்று வயதிலும் போகவில்லை. நெற்றி, கன்னம், தாடை என்று எங்கும் சீழ்கட்டி, உடைந்து, கறுத்து, குழி விழுந்து கிடந்தது. குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் அரைத்துப் பூசினாள், சந்தனம் பூசினாள், வேப்பிலை பூசினாள், ஒருத்தி சொன்னாள் என்று பற்பசையைக்கூடப் பூசிப் பார்த்தாள். ரத்தம் கெட்டுப்போச்சு என்று சொல்லிக் கசாயம் குடிக்க வைத்தார்கள். பருக்கள் இது எதையும் சட்டை செய்யவில்லை.

தம்புசாமி கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. யாராவது 'என்ன வேலை செய்றீங்க?' என்று கேட்டால் அதைச் சொல்லமாட்டான். 'நான் அறிவிப்பாளர்' என்பான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ரப்பர்த் தோட்டத்து விளையாட்டுப் போட்டி என்று கிள்ளான் வட்டாரத்தில் எங்கே மைக் வைத்தாலும் அதன் முன்னால் தம்புசாமி நின்றான். நல்ல சிவப்பு நிறம், எடுப்பான மூக்கு, வெண்கலக் குரல். 'அன்பு நெஞ்சங்களே' என்று அவன் ஆரம்பித்தால் சமையல்கட்டில் இருக்கிற பெண்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். ஊரில் 'மைக் தம்புசாமி' என்று பேர். அந்தப் பேரைக் கல்யாணப் பத்திரிகையிலும் போட வேண்டும் என்று அடம்பிடித்தவன்.

கல்யாணமான புதிதில் ஒரு விருந்துக்குப் புஷ்பவல்லியை அழைத்துப்போனான். அவள் இரண்டாவது வரிசையில் உட்காரப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பின்னாடி போய் உக்காரு. இங்க லைட்டு நேரா மூஞ்சில அடிக்கும்."

அவள் பின்னால் போய், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எந்த விழாவுக்குப் போனாலும், யாரும் சொல்லாமலேயே அப்படி ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளப் பழகிவிட்டாள். வீட்டிலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே பேசுவாள்.

அவள் வேலை செய்தது சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். குளிர்ந்த கூடத்தில் வரிசையாக மைக்ராஸ்கோப். அதில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்ட வேண்டும். நாளெல்லாம் முகத்தை அதில் அழுத்தி அழுத்திக் கன்னத்துப் பருக்கள் உடைந்து ரத்தம் கசியும். ஒருநாள் அந்த ரத்தம் மைக்ராஸ்கோப்பின் கறுப்பு ரப்பரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, அடுத்த ஷிப்டுக்கு வந்த பெண் அலறிவிட்டாள். கம்பெனி நர்ஸ் புஷ்பவல்லியைக் கூப்பிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தோல் டாக்டரிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பினாள். அது எழுபத்தாறாம் வருடம்.

டாக்டர் வயதான சீனப் பெண்மணி. அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தை அதற்கு முன் யாரும் அப்படித் தொட்டதில்லை. ஒரு சிறிய டியூபை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான். இது வைட்டமின் ஏயிலிருந்து செய்த மருந்து. அழகு கிரீம் இல்லை. ராத்திரி முகத்தைக் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவுதான் தடவ வேண்டும். கூடப் போட்டால் சீக்கிரம் குணமாகாது, வெந்துபோகும். முதலில் தோல் உரியும், பரு இன்னும் மோசமாகத் தெரியும், பயந்து விட்டுவிடக் கூடாது. வெயிலில் போகாதே, போனால் குடை பிடி. வயிற்றில் குழந்தை வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு என்னிடம் வா.

"உன் வேலை இந்த மருந்துக்கு ரொம்ப நல்லது. நாள் பூரா வெயிலே பார்க்கிறதில்லையே" என்று சிரித்தார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. இரண்டாவது வாரம் முகம் மீன் செதிலாக உரிந்தது. அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கு வந்த கூட்டாளிகள் முன்னால் தம்புசாமி டியூபை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

"எங்க வீட்டுல ரோடு போடுற வேலை நடக்குதுலா. இதுக்கெல்லாம் கிரீம் பத்தாது, ஜே.கே.ஆர்.காரன்கிட்ட சொல்லித் தார்தான் ஊத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவல்லி தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து டியூப் தையல் மிஷின் இழுப்பறைக்குள் போயிற்று. தையல் மிஷின் பக்கம் தம்புசாமி தலைவைத்தும் படுக்கமாட்டான். விளக்கணைந்த பிறகு இருட்டிலேயே தடவிக்கொள்வாள். சில வாரத்தில் அவன் அந்த விஷயத்தையே மறந்துபோனான்.

மூன்று மாதம் ஆனபோது புதிய பரு வருவது நின்றது. கறுப்புத் தழும்புகள் மெல்ல வெளுக்கத் தொடங்கின. அடுத்த வருடம் மகள் வயிற்றில் வந்ததும் அன்றைக்கே நிறுத்தினாள். பருக்கள் திரும்பி வந்தன. வந்தால் வரட்டும் என்றிருந்தாள். மகள் தனலெட்சுமி பிறந்து, பால்குடி மறந்த பிறகுதான் மறுபடி டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். வருடங்கள் ஓடின. ஆழமான குழிகள் கொஞ்சம் அப்படியே இருந்தன. மற்றபடி முகம் துலக்கிய செம்புபோல ஆயிற்று. நாற்பதை நெருங்கியும் நெற்றியில் ஒரு கோடு இல்லை.

தொழிற்சாலையில் பக்கத்து இருக்கை வள்ளியம்மா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏய் புஷ்பா, எனக்கும் ஒனக்கும் ஒரே வயசுதானலா? என்னைப் பார்த்தா ஒங்கம்மா மாதிரி இருக்கேன். என்னதான் பண்றே?"

புஷ்பவல்லி சொன்னாள். வள்ளியம்மா கேட்டுவிட்டு, "ஒம் புருசன் என்ன சொல்றாரு?" என்றாள்.

"அவரு இன்னும் பாக்கல" என்றாள் புஷ்பவல்லி.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து வள்ளியம்மா சிரித்தாள். விளையாட்டு இல்லை. தம்புசாமி உண்மையிலேயே பார்க்கவில்லை. அவன் மனதில் பெண் பார்த்த அன்று பதிந்த கரடுமுரடான முகம் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை. இன்னமும் விருந்துகளில், "பின்னாடி போய் உக்காரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் அவனிடம் அவளுக்குப் பயம் இருந்தது. பிறகு வருத்தம் இருந்தது. கண்ணாடி முன்னால் அவன் மீசையைக் கத்தரித்துக்கொண்டு, நாளைய விழாவுக்கு 'அன்பு நெஞ்சங்களே' சொல்லிப் பார்க்கிற காலை நேரங்களில் அவள் இட்லித் தட்டோடு கதவருகே நிற்பாள். எதைக் கண்டு இத்தனை வருடம் ஒடுங்கிப்போனோம் என்று அவளுக்கே விளங்காது. பயமும் வருத்தமும் போய், அடியில் தங்கியது வெறும் இளக்காரம். சோற்றுப் பானையைத் திறக்கும்போது உள்ளே ஓடுகிற கரப்பானைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று. கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கு அவன் கொஞ்சமாவது ஆளாக இருக்க வேண்டும்.

தம்புசாமிக்கு வயது ஐம்பதைத் தொட்டது. இருபது வருடம் திடலிலும் கோயில் வாசலிலும் வெயிலில் நின்று கத்தியதில் சிவப்புத் தோல் தடித்து, கண்ணோரம் கொத்துக் கொத்தாகச் சுருக்கம் விழுந்தது. முடிக்குச் சாயம் போட்டான். கழுத்தை மறைக்க ஸ்கார்ப் கட்டினான். அதற்குள் விஜயன் என்று ஓர் இளைஞன் கிளம்பியிருந்தான். சுத்தமான தமிழ், அடக்கமான குரல், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விஜயனைத் தேடிப் போனார்கள்.

"அவன் பேசுறது பேச்சா? பொடிப்பய. மூஞ்சி எளசா இருக்குன்னு கூப்புடுறானுங்க" என்று தம்புசாமி பொருமினான். உலகத்தில் எது நடந்தாலும் அது முகத்தால்தான் நடக்கிறது என்பது அவன் கட்சி.

எண்பத்தொன்பதில் ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன், கதவைச் சாத்திவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றைச் சாமி பிரசாதம்போல இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தான்.

"இங்க வா. அமெரிக்காவுல கண்டுபுடிச்சிருக்கான். இப்பத்தான் பேப்பர்ல எல்லாம் வருது. வைட்டமின் ஏ. பூசினா மூஞ்சில இருக்குற சுருக்கமெல்லாம் போயிடுமாம். டவுன்ல எங்கயும் கெடைக்கல, எல்லாரும் அடிச்சிக்கிட்டு வாங்குறாங்க. தெரிஞ்ச ஆளு மூலமா பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, வாங்கியாந்தேன்."

காகிதத்தைப் பிரித்தான். புஷ்பவல்லி பார்த்தாள். அதே டியூப். அவள் பதின்மூன்று வருடமாக அவனுக்கு அடுத்த தலையணையில் படுத்துக்கொண்டு பூசிவருகிற அதே டியூப். இவன் தார் ஊற்றச் சொன்ன அதே டியூப்.

"நீ தொடாத, சொல்லிட்டேன். இதெல்லாம் ஒனக்கு வேலை செய்யாது. அடிப்படை நல்லா இருக்கணும்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது கடமை என்று தோன்றிச் சொன்னாள்.

"கொஞ்சூண்டு போடுங்க. ராத்திரி மட்டும். வெயில்ல போவாதீங்க. நாலு மாசமாவது ஆவும், அவசரப்பட்டா எரிஞ்சிரும்."

"ஓகோ, நீ எப்ப டாக்டருக்குப் படிச்சே? சிப்பு ஒட்டுறவளுக்குச் சிப்பு ஒட்டுறது தெரிஞ்சா போதும்."

அவள் உள்ளே திரும்பினாள். சோற்றை வடிக்கப் போனாள்.

அவனுக்கு அவசரம் இருந்தது. அந்த மாதக் கடைசியில் கிள்ளானில் ஒரு சீனப் பள்ளி மண்டபத்தில் பெரிய கலை இரவு. தமிழ்நாட்டிலிருந்து பாடகர்கள் வருகிறார்கள். விஜயனை ஒதுக்கிவிட்டு, ஏற்பாட்டாளர்கள் கையைக் காலைப் பிடித்து, அறிவிப்பாளர் வாய்ப்பைத் தம்புசாமி வாங்கியிருந்தான். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை என்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி தடவினான். நடுவில் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கன்னத்தில் தேய்த்தான். முகம் சிவந்தபோது, "பாத்தியா, ரத்த ஓட்டம் வருது" என்றான். தோல் உரிந்தபோது, "பழைய தோல் போவுது" என்று துண்டால் தேய்த்து எடுத்தான். கலை இரவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்தில் காற்பந்துப் போட்டி. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கூடாரத்துக்கு வெளியே வெயிலில் நின்று மைக்கில் அறிவித்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது முகம் தோலுரித்த கோழிபோல இருந்தது. கண் இமை வீங்கி, மூக்கோரத்தில் நீர் வடிந்தது. வாயைத் திறந்தால் ஓரம் கிழிந்தது. வெண்கலக் குரல்காரன் மாட்டைப்போல முனகிக்கொண்டு நாற்காலியில் சரிந்தான்.

"புஷ்பா, எரியுதுடி. ஏதாவது பண்ணு."

அவள் பச்சைத் தண்ணீரில் துணி நனைத்து ஒத்தினாள். வாஸ்லின் தடவினாள். டியூபை எடுத்துக் குப்பையில் போட்டாள். மறுநாள் கிளினிக்கிற்கும் அழைத்துப்போனாள். அங்கே டாக்டரும் அவள் செய்ததையே செய்யச் சொன்னார். வேறு எதையும் முகத்தில் போடாமல், வெளியே போகாமல், சில வாரம் சும்மா விட வேண்டும் என்றார். இரக்கம் வந்ததா என்றால், வந்தது. அடிபட்ட எந்தப் பிராணிக்கும் வருகிற இரக்கம்தான். அதற்குமேல் துளி இல்லை.

"சனிக்கெழம புரோகிராம் இருக்கே!" என்றான் தம்புசாமி.

"விஜயன்கிட்ட குடுத்துருங்க."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

சனிக்கிழமை ஒப்பனைக்காரன் வாசுவைப் பிடித்தான். நாடகத்துக்கு ராஜா வேஷம் போடுகிற கெட்டிப் பூச்சை வாசு தயங்கித் தயங்கி அந்தப் புண் மேல் அப்பினான். மண்டபம் நிறைந்திருந்தது. புஷ்பவல்லியும் வள்ளியம்மாவும் வந்திருந்தார்கள். புஷ்பவல்லி வழக்கம்போலப் பின்வரிசையைத் தேடியபோது வள்ளியம்மா, "இங்க எடம் இருக்குலா, ஒக்காரு" என்று மூன்றாவது வரிசைக்கு இழுத்தாள். அவள் உட்கார்ந்தாள்.

"அன்பு நெஞ்சங்களே" என்று தம்புசாமி ஆரம்பித்தான். மேடை விளக்கின் சூட்டில் வியர்த்தது. வியர்வை பட்டதும் பூச்சு இளகி, அடியிலிருந்த தோலோடு சேர்ந்து சுருளாகக் கழன்று அவன் போட்டிருந்த கோட்டின் மேல் விழுந்தது. அவன் கைக்குட்டையால் ஒற்றினான். ஒரு கன்னம் முழுவதும் கைக்குட்டையோடு வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பின்னால் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அவன் இன்னும் சத்தமாகப் பேச வாயைத் திறந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்து அவன் தோளை அணைத்து உள்ளே கூட்டிப்போனார். கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்த விஜயனை யாரோ மேடைக்குத் தள்ளினார்கள்.

புஷ்பவல்லி எழுந்து மேடைக்குப் பின்னால் போனாள். வள்ளியம்மாவும் கூட வந்தாள். ஒப்பனை அறையில், சுற்றிலும் பல்பு எரிகிற பெரிய கண்ணாடிக்கு முன்னால் தம்புசாமி உட்கார்ந்திருந்தான். ஏற்பாட்டாளர்களும் அவர்கள் மனைவிமாரும் சுற்றி நின்றார்கள்.

"எல்லாம் இவளாலதான். எங்கயோ கண்ட கண்ட கிரீம வாங்கிட்டு வந்து, பூசு பூசுன்னு நச்சரிச்சா. படிக்காத பொம்பளை பேச்சக் கேட்டேன் பாருங்க" என்று அவளைக் கைகாட்டினான்.

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போயிருக்கும். அன்று போகவில்லை. நேராகக் கண்ணாடிக்கு முன்னால், அத்தனை பல்பும் முகத்தில் விழுகிற இடத்தில் வந்து நின்றாள்.

"அந்தக் கிரீம் நான் பூசுறதுதான். பதிமூணு வருசமா பூசுறேன். டாக்டரு எனக்குப் பருவுக்குக் குடுத்தாங்க, சொன்ன மாதிரி பூசினேன். இவரு பேப்பரப் பாத்துட்டு, சுருக்கம் போவணும்னு அவராவே வாங்கிட்டு வந்து, மூணு வேளையும் அப்பிக்கிட்டு வெயில்ல நின்னாரு. வேணாம்னு சொன்னேன். கேக்கல." அவள் குரல் உயரவில்லை. "எம் மூஞ்சி நல்லாத்தானே இருக்கு? பாத்துச் சொல்லுங்க. இவரு இதுவரைக்கும் பாத்ததில்ல."

ஏற்பாட்டாளரின் மனைவி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, தங்கமாட்டம் இருக்கு" என்றாள். யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். வாசு திரும்பி நின்று பெட்டியை அடுக்கினான். தம்புசாமி கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தான். முதலில் தன் முகத்தை. பிறகுதான் பக்கத்தில் நின்ற முகத்தை. வெகுநேரம் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவனோடு பேச அவளுக்கு இனி ஒன்றுமில்லை என்பது அந்தக் கேள்வியில் உறுதியாயிற்று. "டாக்சி பிடிச்சி வீட்டுக்குப் போங்க. மூஞ்சியக் கழுவிட்டுப் படுங்க. நான் பாட்டுக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசைக்குத் திரும்பினாள். விஜயன் அழகாக நடத்திக்கொண்டிருந்தான்.

தம்புசாமியின் முகம் ஆறுவதற்கு ஆறேழு வாரம் பிடித்தது. ஆறியபோது பழைய சுருக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருந்த இடத்திலேயே இருந்தன. மைக் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. கிள்ளானில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், "அண்ணே, தார் ரோடு எப்படி இருக்கு?" என்று எவனாவது கேட்டான். வீட்டுக்கு வந்த அந்தப் பழைய கூட்டாளிகளில் ஒருவன்தான் கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் புஷ்பவல்லி லைன் லீடர் ஆனாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் பருக்களோடு அவளிடம் வந்து நின்றால், கடையில் கண்டதை வாங்காதே என்று சொல்லித் தோல் டாக்டரிடம் அனுப்பினாள். விழாக்களில் அவளுக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தாள். பின்னாளில் தனலெட்சுமியின் கல்யாணத்தில் வீடியோக்காரன் விளக்கோடு வந்தபோது, அவனைக் கொஞ்சம் கிட்டே வரச்சொன்னாள்.

தொண்ணூற்றைந்தில் சுங்கை பூலோவில் புது வீடு கட்டிப் போனார்கள். சாமான்கள் இறக்கிய அன்று, லோரி போன பிறகு, தம்புசாமி பெட்டிகளுக்கு நடுவில் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"இங்க யாருக்கும் நம்மளத் தெரியாது. அந்தக் கிரீம் கதையெல்லாம் அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டு இருக்காத."

"சரி" என்றாள் புஷ்பவல்லி.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து, "அக்கா, எந்த ஊர்லருந்து வர்றீங்க? வயசே தெரியல, மூஞ்சிக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டாள். புஷ்பவல்லி துணி காயப்போட்ட கையோடு வேலியில் சாய்ந்துகொண்டு, ஆரம்பத்திலிருந்து, ஒன்று விடாமல் சொன்னாள்.